தங்கச்சியின் வெளிநாட்டுப் படிப்புக்கு அண்ணன் 44 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?



கல்விக் கடன் பற்றிய நம்ம வீடியோ வந்ததிலிருந்து இன்ஜினியரிங், எம்பிஏ பற்றித்தான் நிறைய கேள்விகள் வருது. போன மாதம் வந்த ஒரு கேள்வி கொஞ்சம் வேற மாதிரி. கேட்டவர் மரக்காணத்துக்காரர், வயசு 27. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, மாதம் கையில் வருவது 48,000 ரூபாய். அப்பா உப்பளத்தில் குத்தகைக்குப் பாத்தி எடுத்து உப்பு எடுக்கிறார். தங்கச்சி சென்னையில் பி.எஸ்சி. சைக்காலஜி முடிச்சிருக்காங்க. இங்கிலாந்தில் எம்.எஸ்சி. டெவலப்மென்டல் சைக்காலஜி படிக்க அட்மிஷன் கிடைச்சிருக்கு.

"அண்ணா, பேங்க்ல லோன் ரெடி. வீட்டுப் பத்திரமும் ஈசிஆர் பக்கம் இருக்கிற மனைப் பத்திரமும் வைக்கணுமாம். நான் கோ-அப்ளிகன்ட். புதன்கிழமை கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்காங்க. போடலாமா?"

புதன்கிழமைக்கு மூணு நாள்தான் இருந்தது. அந்த மூணு நாளில் அண்ணனும் தங்கச்சியும் நானும் போட்ட கணக்குதான் இந்தப் பதிவு. அவங்க அனுமதியோடு எழுதுறேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஒரு சில விவரங்களை மாற்றியிருக்கேன். ரேட், விதி எல்லாம் 2026 ஜனவரி நிலவரம்.

உங்க வீட்டில் படிக்கப் போறது தம்பியா இருக்கலாம், மனைவியா இருக்கலாம், வேலையை விட்டுட்டு நீங்களே போகலாம். எல்லாருக்கும் கணக்கு ஒண்ணுதான்.

முதல் கேள்வி: இந்தப் படிப்பு முடிச்சா என்ன வேலை பார்க்கலாம்?

லோன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். கடனைக் கட்டப் போவது படிப்புக்குப் பிறகு வரும் சம்பளம். அதனால் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சம்பளத்தைத்தான்.

டெவலப்மென்டல் சைக்காலஜி என்றால் வளர்ச்சி உளவியல். கருவில் இருக்கும் குழந்தையிலிருந்து முதுமை வரைக்கும் மனிதனின் சிந்தனை, மொழி, உணர்வு, உறவு எப்படி மாறுகிறது என்று படிக்கும் துறை. குழந்தை எப்போது "நாளைக்கு" என்பதைப் புரிந்துகொள்கிறது, வறுமை மூளை வளர்ச்சியை எப்படிப் பாதிக்கிறது மாதிரியான கேள்விகள் இதில் வரும். அருமையான துறை, அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தை ஏஜென்ட் சொல்ல மாட்டார். இங்கிலாந்தில் உளவியலாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பு எச்.சி.பி.சி. கிளினிக்கல், கவுன்சலிங், எஜுகேஷனல், ஃபாரன்சிக், ஹெல்த், ஆக்குபேஷனல், ஸ்போர்ட் அண்ட் எக்சர்சைஸ் என்று ஏழு துறைகளின் பெயர்களை சட்டம் பாதுகாக்கிறது. பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. "டெவலப்மென்டல்" அந்தப் பட்டியலில் இல்லை. கிளினிக்கல் அல்லது எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட் ஆகணும்னா, எம்.எஸ்சி.க்கு மேல் மூணு வருஷ டாக்டரேட் பயிற்சி வேணும்.

இந்தியாவிலும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக வேலை பார்க்க, ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து அங்கே பதிவு செய்யணும். வெளிநாட்டு எம்.எஸ்சி. டெவலப்மென்டல் சைக்காலஜி அந்தப் பதிவைத் தானாகக் கொடுக்காது.

அப்போ இந்தப் படிப்பு எதற்கு? பிஎச்.டி.க்கு ஏணி. ஆராய்ச்சி உதவியாளர், குழந்தை வளர்ச்சி மையம், தொண்டு நிறுவனம், கல்வித் துறை வேலைகளுக்கு உதவும். எல்லாம் நல்ல வேலைகள்தான், ஆனால் பெரிய ஆரம்பச் சம்பளம் எதிர்பார்க்க முடியாது.

நான் தங்கச்சியிடம் கேட்டேன், "ஏஜென்ட் இதைச் சொன்னாரா?" "படிச்சு முடிச்சா சைக்காலஜிஸ்ட்னு போட்டுக்கலாம்னு சொன்னார் அண்ணா." இந்த ஒரு வரியை நம்பித்தான் வீட்டுப் பத்திரம் பேங்குக்குப் போக இருந்தது.

இரண்டாவது: மொத்தச் செலவு எவ்வளவு?

ஆஃபர் லெட்டரில் இருப்பது டியூஷன் ஃபீஸ் மட்டும். முழுக் கணக்கு இப்படி. பேங்க் மார்ஜினும் சேர்த்து ஒரு பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

- டியூஷன் ஃபீஸ் (இவங்க ஆஃபரில் இருந்தது): 26,000 பவுண்டு. ரூபாயில் 31,20,000.
- தங்க, சாப்பிட: லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு என்று விசா விதி சொல்கிறது (2025 நவம்பர் 11 முதல், லண்டன் என்றால் 1,529). 12 மாதத்துக்கு 14,052 பவுண்டு. ரூபாயில் 16,86,240.
- ஹெல்த் சர்சார்ஜ்: மாணவர்களுக்கு வருஷம் 776 பவுண்டு. ஒரு வருஷப் படிப்புக்கு விசா கூடுதலாக நாலு மாதம் வரும் என்பதால் ஒன்றரை வருஷத்துக்குக் கட்டணும், 1,164 பவுண்டு. ரூபாயில் 1,39,680.
- விசா கட்டணம் (2026 ஜனவரியில்): 524 பவுண்டு. ரூபாயில் 62,880.
- விமான டிக்கெட், ஆங்கிலத் தேர்வு, டிபி டெஸ்ட், குளிர் உடை, ரூம் அட்வான்ஸ்: சுமாராக 1,50,000.

மொத்தம் 51,58,800 ரூபாய். தோராயமாக 51.6 லட்சம்.

இங்கே ரெண்டு இடத்தில் எல்லாரும் தப்புக் கணக்கு போடுறாங்க.

ஒண்ணு, விசாவுக்கு ஒன்பது மாதச் செலவைக் காட்டினால் போதும். அதனால் ஒன்பது மாதத்துக்கே பட்ஜெட் போட்டுடறாங்க. எம்.எஸ்சி. முழுசா 12 மாதம். கடைசி மூணு மாதம் தீசிஸ் எழுதும் நேரத்தில் கையில் காசு இருக்காது.

ரெண்டாவது, பவுண்டு ரேட். மேலே இருக்கும் செலவில் 41,740 பவுண்டு வெளிநாட்டுப் பணம். ரேட் 10% ஏறி 132 ஆனால், கூடுதலாக 5 லட்சம் ரூபாய் வேணும். பேங்க் சாங்ஷன் பண்ணின தொகை அப்படியேதான் இருக்கும்.

"பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளிச்சுக்குவா அண்ணா" என்றார் தம்பி. செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் வரை அனுமதி உண்டு. 21 வயசு ஆனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரியில் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. வேலை கிடைத்தால் நல்லது, சாப்பாட்டுச் செலவுக்கு ஆகும். கிடைக்கும் முன்னாடியே அதைக் கணக்கில் வரவு வைக்கக்கூடாது.

மூன்றாவது: இஎம்ஐ என்ன வரும்?

வெளிநாட்டுப் படிப்புக்கு பொதுத்துறை வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் 15% மார்ஜின், அதாவது நம்ம கைக்காசு. 51.6 லட்சத்தில் 7.6 லட்சம் குடும்பம் போடுது, 44 லட்சம் லோன். வட்டி 10% என்று வைப்போம்.

படிப்புக் காலம் ஒரு வருஷம், அதற்குப் பிறகு ஒரு வருஷம், ஆக ரெண்டு வருஷம் மாரட்டோரியம். இஎம்ஐ கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். முழுத் தொகையும் முதலிலேயே எடுத்தால், தனிவட்டி ரெண்டு வருஷத்துக்கு 8.8 லட்சம். தவணையாக எடுத்தால் கொஞ்சம் குறையும். இதைக் கட்டாமல் விட்டால் அசலோடு சேர்ந்து கடன் 52.8 லட்சம் ஆகிவிடும்.

- 10 வருஷத்தில் கட்டினால் இஎம்ஐ சுமார் 69,800 ரூபாய்.
- 15 வருஷத்தில் கட்டினால் சுமார் 56,700 ரூபாய். மொத்தம் கட்டுவது 1 கோடியே 2 லட்சம்.

அண்ணன் சம்பளம் 48,000. இஎம்ஐ 56,700. இந்த இடத்தில் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அங்க வேலை கிடைச்சுட்டா கட்டிடலாம்ல?" என்றார்.

கிடைத்தால் கட்டலாம். படிப்பு முடிந்ததும் கிராஜுவேட் விசாவில் தங்கி வேலை தேடலாம். இப்போது ரெண்டு வருஷம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். 2026 செப்டம்பரில் சேர்பவர் 2027-ல்தான் முடிப்பார், ஆக இவங்களுக்கு 18 மாதம். அதற்குப் பிறகும் இருக்கணும்னா ஸ்கில்டு வொர்க்கர் விசா. அதற்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கே வருஷம் 33,400 பவுண்டு சம்பளம் பொதுவான குறைந்தபட்ச வரம்பு. மனித வளர்ச்சி படித்துவிட்டு ஆரம்ப நிலையில் அந்தச் சம்பளமும், ஸ்பான்சர் செய்யும் முதலாளியும் சேர்ந்து கிடைப்பது சுலபம் இல்லை.

நான்காவது: "டாக்ஸ் சேவ் ஆகும்" என்ற பேச்சு

ஏஜென்ட் சொன்னாராம், "வட்டி முழுக்க 80இ-ல கழிச்சுக்கலாம், உங்க அண்ணனுக்கு லாபம்." சி.ஏ. என்ற முறையில் இதை மட்டும் விட முடியாது.

80இ-ல் வட்டிக்கு உச்சவரம்பு இல்லை, எட்டு வருஷம் கழிக்கலாம் என்பது உண்மை. ஆனால் யாருடைய படிப்புக்கு? தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, சட்டப்படி தான் கார்டியனாக இருக்கும் மாணவருக்கு. அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி இந்தப் பட்டியலில் இல்லை. அண்ணன் கட்டும் வட்டிக்கு ஒரு ரூபாய்கூடக் கழிவு கிடையாது.

இன்னொண்ணு, 80இ பழைய வரி முறையில் மட்டும்தான். இந்தத் தம்பியின் வருஷச் சம்பளம் சுமார் 7 லட்சம். புதிய முறையில் 2025-26-க்கு 12 லட்சம் வரை வருமானத்துக்கு ரிபேட் இருப்பதால், அவருக்கு வரியே இல்லை. இல்லாத வரியில் எதைச் சேமிப்பது? (2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 அமல். செக்‌ஷன் நம்பர் மாறும், பார்த்துக்கோங்க.)

டிசிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. வங்கி போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினால், 2025 ஏப்ரல் 1 முதல் டிசிஎஸ் இல்லை. கைக்காசு என்றால் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை இல்லை, அதற்கு மேல் போகும் தொகைக்கு 2025-26-ல் 5% இருந்தது. நகைக் கடன், பர்சனல் லோன் வாங்கி அனுப்பினால் அது கல்விக் கடனில் சேராது. டிசிஎஸ் பணம் ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும், ஆனால் அதுவரை உங்க காசு மாட்டிக்கும்.

ஐந்தாவது: அந்தக் கையெழுத்தின் எடை

கோ-அப்ளிகன்ட் என்றால் சாட்சிக் கையெழுத்து இல்லை. கடன் உங்களுடையதும்தான். 44 லட்சமும் உங்க சிபில் ரிப்போர்ட்டில் உட்காரும். நாளைக்கு நீங்க வீட்டுக் கடனுக்குப் போனால், இந்த இஎம்ஐயைக் கழித்துவிட்டுத்தான் உங்க தகுதியைப் பார்ப்பாங்க. இந்தத் தம்பிக்கு அடுத்த வருஷம் கல்யாணம் பேசிட்டிருக்காங்க. பொண்ணு வீட்டில் இதைச் சொல்லியாச்சா என்று கேட்டேன். இல்லை.

வீட்டுப் பத்திரத்தை எம்.ஓ.டி. போட்டு வைக்கும்போது, அது பேங்குக்கு அடமானம். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன். அதன் பிறகு சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுத்து விற்கும் அதிகாரம் பேங்குக்கு உண்டு.

இந்தக் குடும்பத்துக்கு இது இன்னும் ஆபத்து. காரணம் அப்பாவின் வருமானம். மரக்காணத்தில் ஜனவரியில் பாத்தியைச் சீர் பண்ண ஆரம்பிச்சா, வெயில் காலம் முழுக்க உப்பு. ஐப்பசி மழை வந்தால் உப்பளம் தண்ணீருக்குள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருமானம் இல்லை என்பதால்தான் 2022 முதல் தமிழக அரசே உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்குது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. உப்பளங்கள் மூழ்கின. இஎம்ஐக்கு மழைக்காலம் தெரியாது, எல்லா மாதமும் அஞ்சாம் தேதி வரும்.

தங்கச்சி கேட்ட கேள்வி

ரெண்டாம் நாள் வீடியோ காலில் தங்கச்சிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "உப்பளத்து வீட்டுப் பொண்ணு இதெல்லாம் படிக்கக்கூடாதுன்னு சொல்றீங்களா அண்ணா?"

நியாயமான கேள்வி. "என்ன ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசை?" என்று கேட்டேன். அவங்க சொன்ன பதில்தான் எங்க கணக்கையே மாற்றியது.

மார்ஷ்மெல்லோ சோதனை பற்றி நிதி வீடியோக்களில் எல்லாரும் பேசுவோம், நானும் பேசியிருக்கேன். 1960-களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் ஆரம்பித்தது. குழந்தை முன்னாடி ஒரு மிட்டாய். சாப்பிடாமல் காத்திருந்தால் ரெண்டு கிடைக்கும். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நல்லா வந்தாங்க, அதனால் "பொறுமையா எஸ்ஐபி போடுங்க" என்று முடிப்போம்.

தங்கச்சி அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னாங்க. 2013-ல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழு 28 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தது. முதலில் பெரியவர் ஒருவர் "நல்ல கலர் பொருள் கொண்டு வரேன்" என்று சொல்லிட்டுப் போவார். பாதிக் குழந்தைகளுக்குக் கொண்டு வந்தார். மீதிக் குழந்தைகளிடம் "இல்லை, மன்னிச்சுக்கோ" என்று வெறுங்கையோடு வந்தார். பிறகு மிட்டாய் சோதனை. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக சுமார் 12 நிமிஷம் காத்திருந்தாங்க. ஏமாந்த குழந்தைகள் சுமார் 3 நிமிஷம்தான். 2018-ல் டைலர் வாட்ஸ் குழு 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவலை வைத்துப் பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்தால் அந்தப் பழைய தொடர்பின் பெரும்பகுதி மறைந்துபோனது.

"எங்க ஊர்ல ஒரு மழை பெஞ்சா அப்பா சொன்ன புது டிரஸ் வராது அண்ணா. அப்படி வளர்ற பிள்ளை கையில கிடைச்சதை உடனே சாப்பிட்டா, அது பொறுமை இல்லாததா, இல்ல அறிவாளியா? அதைத்தான் படிக்கணும்."

எனக்கு இது புதுசு. அவங்ககிட்ட சொன்னேன்: "அப்போ இங்கிலாந்துக்கு 52 லட்சம் கொடுத்து வாங்கப் போறதைவிட பெரிய மூலதனம் உன் ஊர்லயே இருக்கும்மா."

காரணம் இருக்கு. 2010-ல் ஜோசப் ஹென்ரிக் குழு எழுதிய கட்டுரை ஒரு கணக்கைச் சுட்டிக்காட்டியது. முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் 96% பேர், உலக மக்கள்தொகையில் 12% மட்டுமே இருக்கும் மேற்கத்திய தொழில்மய நாட்டுக்காரர்கள். அதிலிருந்து மற்ற சமூகங்களின் குழந்தைகளையும் சேர்த்துப் படிக்கணும் என்ற பேச்சு வலுத்திருக்கு. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்தில் ஒப்பீட்டுப் பண்பாட்டு உளவியல் என்றே ஒரு துறை இருக்கு. அந்த மாதிரி இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, தமிழில் பேசி, உப்பளக் குழந்தைகளோடு ரெண்டு வருஷம் முறையாக வேலை பார்த்த அனுபவம் ஒரு வருஷ எம்.எஸ்சி.யைவிட எடை கூடியது.

நாங்க போட்ட மாற்றுத் திட்டம்

*படி 1: எம்.எஸ்சி. இங்கேயே.* மரக்காணத்திலிருந்து ஈசிஆரில் பாண்டி பக்கம் போனால் காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், அங்கே அப்ளைடு சைக்காலஜி துறை. சேர்க்கை சியுஇடி-பிஜி தேர்வு வழியாக. சென்னைப் பல்கலைக்கழக உளவியல் துறை 1943-லிருந்து இருக்கு. மனித வளர்ச்சி மட்டும் தனித் துறையாக வேணும்னா, பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகம், டெல்லி லேடி இர்வின் கல்லூரி. ஃபீஸ், இங்கிலாந்துக் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாத அளவுக்குச் சின்னது.

*படி 2: கள அனுபவம்.* அதே ஈசிஆரில் சென்னை பக்கம் போனால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் என்.ஐ.இ.பி.எம்.டி. பல்வகை மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம். சின்னக் குழந்தைகளுக்கான ஏர்லி இன்டர்வென்ஷன் பயிற்சியும் சேவையும் நடக்குது. அங்கே பயிற்சி, ஊர் அங்கன்வாடியில் அனுமதி வாங்கி சின்ன ஆய்வு என்று ரெண்டு வருஷம்.

*படி 3: மற்றவர் காசில் வெளிநாடு.*

- நெதர்லாந்து, நார்டிக் நாடுகளில் பிஎச்.டி. என்பது சம்பளம் வரும் வேலை. முதுகலைப் பட்டம் வேணும், அதற்குத்தான் படி 1.
- அமெரிக்காவில் பிஎச்.டி. இடம் கிடைத்தால் வழக்கமாக ஃபீஸ் தள்ளுபடியும் ஸ்டைபண்டும் உண்டு. 2025-ல் ஆராய்ச்சி நிதி வெட்டால் பல பல்கலைக்கழகங்கள் இடத்தைக் குறைத்தன. அதனால் அதை மட்டும் நம்பக்கூடாது.
- இங்கிலாந்தின் செவனிங் உதவித்தொகை ஒரு வருஷ முதுகலைக்கு முழுச் செலவும் தரும். ரெண்டு வருஷ வேலை அனுபவம் (2,800 மணி நேரம்) வேணும், முடிச்சதும் ரெண்டு வருஷம் ஊரில் இருக்கணும். காமன்வெல்த் மாஸ்டர்ஸ் உதவித்தொகையும் உண்டு.
- தேசிய அயல்நாட்டு உதவித்தொகை: பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வருஷம் 125 இடம். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளை 2022-ல் விலக்கியிருக்காங்க, தலைப்பு எழுதும்போது கவனம். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அயலக உயர்கல்வி உதவித்தொகை தனியாக உண்டு.

இவை எல்லாம் போட்டி அதிகம். கிடைக்காமலும் போகலாம். ஆனால் கிடைக்காவிட்டால் நஷ்டம் விண்ணப்பக் கட்டணம்தான். வீடு அப்படியே இருக்கும், கையில் ஒரு முதுகலைப் பட்டமும் இருக்கும்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துடறேன். பிஎம் வித்யாலட்சுமி என்று அடமானம் இல்லாத கடன் விளம்பரம் பார்த்திருப்பீங்க. அது இந்தியாவில் உள்ள தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். வெளிநாட்டுக்குச் செல்லாது.

கையெழுத்துக்கு முன் நாலு டெஸ்ட்

நான் கல்விக் கடனுக்கு எதிரி இல்லை. நானும் கடனில் படித்தவன்தான். இந்த நாலிலும் பாஸ் ஆனால் தாராளமாகப் போடுங்க.

1. இந்தியச் சம்பள டெஸ்ட். படித்தவர் ஊர் திரும்பி வேலைக்குப் போனால் வரும் ஆரம்பச் சம்பளத்தில் 35%-க்குள் இஎம்ஐ இருக்கணும். 40,000 சம்பளம் என்றால் இஎம்ஐ 14,000. 10% வட்டி, 15 வருஷம், ரெண்டு வருஷ மாரட்டோரியம் என்று திருப்பிக் கணக்குப் போட்டால், வாங்கக்கூடிய கடன் சுமார் 10.9 லட்சம். இவங்க வாங்க இருந்தது 44 லட்சம்.
2. லைசென்ஸ் டெஸ்ட். இந்தப் பட்டத்தை வைத்து எந்த நாட்டில், எந்தப் பதிவோடு, எந்தப் பெயரில் வேலை பார்க்கலாம்? பதிவு செய்யும் அமைப்பின் தளத்திலேயே பாருங்க. ஏஜென்ட் வாய்வார்த்தை வேண்டாம்; பல ஏஜென்ட்களுக்குக் கமிஷன் கொடுப்பதே அந்தப் பல்கலைக்கழகம்தான்.
3. வீடு டெஸ்ட். அடமானம் வைப்பது குடும்பத்தின் ஒரே வீடா? ஆமாம் என்றால், ஒரு வருஷ இஎம்ஐக்குத் தனியாகக் காசு இருக்கா? படிப்பவர் பெயரில் கடன் தொகைக்கு டேர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கா?
4. 10% டெஸ்ட். பவுண்டோ டாலரோ 10% ஏறினால் கூடுதல் பணம் எங்கிருந்து வரும்? "பார்த்துக்கலாம்" என்பது பதில் இல்லை.

புதன்கிழமை என்ன நடந்தது?

தம்பி பேங்குக்குப் போனார். கையெழுத்துப் போடவில்லை. சாங்ஷனை இப்போதைக்கு எடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துட்டு வந்தார். அட்மிஷனை ஒரு வருஷம் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு மெயில் போயிருக்கு. தங்கச்சி சியுஇடி-பிஜி விண்ணப்பம் போட்டுட்டாங்க. கையில் இருந்த 7.6 லட்சத்தில் 3 லட்சம் அப்பாவின் மழைக்கால மாதங்களுக்கும் அவசரத்துக்கும் எஃப்.டி. மீதி படிப்புக்கும், நாளைய விண்ணப்பங்களுக்கும்.

தங்கச்சிக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான். கூடப் படித்த ரெண்டு பேர் செப்டம்பரில் கிளம்புறாங்களாம். "நாலு வருஷம் கழிச்சும் எதுவும் கிடைக்கலைன்னா?" என்று கேட்டாங்க. கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. "அப்போ நீ 27 வயசுல, ஒரு எம்.எஸ்சி.யோட, கடன் இல்லாம இருப்ப. லோன் எடுக்கணும்னா அப்பவும் எடுக்கலாம், கையில இன்னும் நல்ல ரெஸ்யூமே இருக்கும்" என்றேன்.

போன வாரம் தம்பி ஒரு போட்டோ அனுப்பினார். அப்பா பாத்தியில் களிமண் மிதிச்சுத் தரையை இறுக்கிட்டு இருக்கார். வரப்பில் தங்கச்சி நோட்டோடு உட்கார்ந்து பக்கத்து வீட்டுச் சின்னப் பசங்களிடம் ஏதோ கேட்டு எழுதிட்டிருக்காங்க.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு கையெழுத்து காத்திருந்தால், இந்தக் கணக்கை உங்க நம்பரைப் போட்டு ஒரு தடவை போடுங்க. போட்ட பிறகும் சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்க: படிப்பு, நாடு, மொத்தச் செலவு, யார் கட்டப் போறாங்க, இந்த நாலு விவரத்தோடு. அடுத்த வீடியோவில் எடுத்துக்கிறேன்.